உதைசறுக்கில் ஒரு தீனிப் பலகை

ஹிர்விலம்பி
ஜனவரி 7, 1987

ரைலாக்கா,

இல்ல, போகல. "நீ இன்னும் அந்த வீட்டுலயா இருக்கே"ன்னு கேட்டிருந்தியே, அதுக்குத்தான் பதில். நீ போட்ட நாலு வரியில மூணு வரி சாவியைப் பத்தி. கேட்டுக்கோ: சாவி ஆணியில தொங்குது, நான் அடுப்புகிட்ட உக்காந்திருக்கேன், வெளியில மைனஸ் முப்பத்தஞ்சுக்கும் கீழ. மூச்சு இழுத்தா மூக்குக்குள்ள உறையுது.

எனக்கு மட்டும் இங்க கெடக்கணும்னு ஆசையா? என் கூட்டாளி யோகோ ஸ்வீடன்ல கப்பல் பட்டறையில சேந்துட்டான். "வாடா, கட்டில் ஒண்ணு காலியா இருக்கு"ன்னு கார்டு போட்டிருக்கான். பையைக் கட்டிக் கதவுப் பக்கத்துல வெச்சிருக்கேன். கிறிஸ்துமஸ் முடிஞ்ச மறுநாளே கெளம்புறதாத்தான் இருந்தேன்.

விஷயம் குருவிங்க.

சிரிக்காத. அப்பா அக்டோபர்ல மொத பனி விழுந்தன்னிக்கே தீனி போட ஆரம்பிச்சுட்டாரு. ஆரம்பிச்சா பனி உருகுற வரைக்கும் நிறுத்தக் கூடாது. இது உனக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். இங்க தீனி இருக்குன்னு நம்பித்தான் இதுங்க வேற எங்கயும் போகாம நம்ம தோட்டத்துலயே தங்கிடுச்சுங்க. நடுவுல கைய விட்டா எங்க போகும்? இந்தக் குளிர்ல ஒரு காலையில வயிறு நெறையலன்னா அடுத்த காலையப் பாக்காதுங்க.

நவம்பர்ல அப்பா முற்றத்துல விழுந்து உயிர் போனப்ப கையில விதை வாளி. ஆம்புலன்சுக்குப் போன் பண்ணிட்டுத் திரும்பி ஓடி வர்றேன், வாளியிலேருந்து கொட்டினத அவரச் சுத்தி நின்னு தின்னுட்டிருக்குதுங்க. எனக்கு வந்த ஆத்திரத்துல ஒரு விறகுக் கட்டையத் தூக்கி வீசினேன். மறுநாள் விடியறப்ப பாத்தா எல்லாம் தீனிப் பலகை மேல வந்து நிக்குதுங்க. என்ன பண்ணச் சொல்றே? போட்டேன். அப்படியே மாட்டிக்கிட்டேன்.

அதுல சின்னதா ஒண்ணு இருக்கு, கறுப்புத் தொப்பி போட்ட பட்டாணிக்குருவி. நான் எழுந்திரிக்க லேட்டானா சமையலறை ஜன்னலக் கொத்துது. காபி குடிச்சுட்டு வரேன்னா விடாது. மரம் அறுக்குற மில்லுல வேலை பாத்தப்ப கூட எனக்கு இப்படி ஒரு முதலாளி வாய்க்கல.

வீட்ட வாங்குறவங்ககிட்டப் பேசு. ஏப்ரல் கடைசி வரைக்கும் பொறுக்கச் சொல்லு. வேற எதுவும் கேக்கல. போனை வெட்டிட்டாங்க, தபால்லயே பதில் போடு.

இஸ்மோ

*

தம்பேரே
ஜனவரி 13

இஸ்மோ,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறையும் அதேதான்.

பத்திரம் எழுதியாகிவிட்டது. பிப்ரவரி கடைசி சனிக்கிழமை வீட்டை ஒப்படைக்கிறோம் என்று நான் கையெழுத்துப் போட்டேன், நீயும் போட்டாய். அன்று வாயைத் திறக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இன்று குருவி என்கிறாய். மார்ச் பிறந்ததும் அவர்கள் கூரையைப் பிரிக்கப்போகிறார்கள். உனக்காக ஏப்ரல் வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

தொழிற்பள்ளியைப் பாதியில் விட்டாய். பட்டாளத்துக்குப் போய், பனி உருகுவதற்குள் திரும்பி வந்தாய். மரமில்லில் ஒரு கோடைகூட நிற்கவில்லை. "இவன் எதையாவது முடிச்சு நான் பாப்பேனா?" என்று அப்பா கேட்டார். உன்னிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார். இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கவும் மனமில்லை.

இங்கே மார்ச்சில் மோட்டார் மெக்கானிக் வகுப்பு தொடங்குகிறது. கெஞ்சிக் கூத்தாடி உனக்கு ஓர் இடம் வாங்கி வைத்திருக்கிறேன். என் வீட்டில் சோபா இருக்கிறது. நீ செய்ய வேண்டியதெல்லாம் பேருந்தில் ஏறுவது மட்டும்தான்.

காடு என்று ஒன்று இருக்கிறது, இஸ்மோ. நம் அப்பாவின் வாளி வருவதற்கு முன்பும் பறவைகள் குளிர்காலத்தைத் தாண்டித்தான் வந்திருக்கின்றன.

சரி, எப்படியும் நீ போடத்தான் போகிறாய். போடுவதோடு தண்ணீரும் வை. ஏரி, ஓடை எல்லாம் உறைந்து கிடக்கும்போது அவை எதைக் குடிக்கும்? எங்கள் குடியிருப்பில் மேல்மாடியில் ஓர் அம்மாள் தினமும் காலையில் பால்கனியில் வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணம் வைக்கிறார். வேலைக்குப் போகும்போது கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பேன். ஆவி பறக்கும். விளிம்பில் சிட்டுக்குருவிகள் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் போனால் அன்றைக்கு அலுவலகம் கொஞ்சம் தாங்கும்.

ரைலா

*

ஹிர்விலம்பி
ஜனவரி 24

அக்கா,

உன் தண்ணியை வெச்சேன்.

அம்மாவோட பெரிய பீங்கான் கிண்ணத்துல, கை பொறுக்குற சூட்டுல. வெச்ச ஒடனே கூட்டம் கூடிடுச்சு. அதுல அந்தச் செவப்பு நெஞ்சுக்காரன் இருந்தான், ஆப்பிள் மரத்துல எப்பவும் ஒரே கெளையில உக்காருவானே, அப்பா கூட "போஸ்ட் மாஸ்டர்"னு கூப்பிடுவாரே, அவன். அவன் குடிக்கல. உள்ள எறங்கிட்டான். எறங்கி, றெக்கையப் பிரிச்சு, தண்ணியை வாரி வாரி மேல போட்டுக்கிட்டான். நீராவிச் சவுனாவுல உக்காந்த மாதிரி கண்ண வேற மூடிக்கிட்டான். நான் ஜன்னல்ல நின்னு சிரிச்சேன். உனக்கு லெட்டர் எழுதி இதச் சொல்லணும்னு நெனச்சேன்.

அப்புறம் பறந்தான். மரம் வரைக்கும் போகல. நடுவுலயே கல்லு மாதிரி விழுந்தான். போய் எடுத்தா ஒடம்பு பூரா கண்ணாடி. றெக்கைய விரிக்கப் பாத்தேன், கரகரன்னு ஒடையுற சத்தம். விட்டுட்டேன். சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டு அடுப்புகிட்ட உக்காந்தேன். ஐஸ் கரைஞ்சு என் வயிறு பூரா ஈரமாச்சு. கொஞ்ச நேரம் அவன் நெஞ்சு துடிச்சுது. அப்புறம் அதுவும் இல்ல.

அப்பா ஒரு நாளும் தண்ணி வெச்சதில்ல. யோசிச்சுப் பாரு. கடுங்குளிர்ல அதுங்க பனியத் தின்னுக்குதுங்க. அது அவருக்குத் தெரிஞ்சிருக்கு. நம்ம ரெண்டு பேரும் அந்த வீட்டுலயே வளந்தோம், நமக்குத் தெரியல.

அப்பா என்னப் பத்தி உங்கிட்டச் சொன்னதுக்கு ரொம்ப நன்றி. பத்திரமா வெச்சிருந்து சரியான நேரத்துல குடுத்தே. வகுப்ப நீயே வெச்சுக்கோ. சோபாவையும்.

இனிமே யோசனை எதுவும் அனுப்பாத.

இஸ்மோ

*

தம்பேரே
பிப்ரவரி 2

இஸ்மோ,

யோசனை அனுப்பாதே என்றாய். இது யோசனை இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று மாடி ஏறிப் போய் அந்த அம்மாளின் கதவைத் தட்டினேன். இத்தனை வருடம் ஒரே கட்டடத்தில் இருக்கிறோம், பெயர்கூடத் தெரியாது. நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைப் பால்கனிக்கு அழைத்துப்போய்க் கிண்ணத்தைக் காட்டினார். அதன் மேல் கம்பி வலை கட்டியிருந்தது. அலகு நுழையும், உடம்பு நுழையாது. "வலை இல்லாமலா வெச்சான், அந்தப் புள்ள?" என்று கேட்டார். கீழேயிருந்து பார்க்கிற என் கண்ணுக்கு ஆவி தெரிந்தது, குருவி தெரிந்தது, வலை தெரியவில்லை.

அவர் வெட்டிக் கொடுத்த வலைத் துண்டு இதோடு இருக்கிறது. குளிர் குறைகிற நாட்களில் மட்டும் வை என்றார். வைப்பதும் வைக்காததும் உன் விருப்பம்.

அப்பா சொன்னதை நான் எழுதியது தப்பு. அவர் அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார் என்பதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

வாங்குகிறவர்களுக்குப் போன் செய்தேன். மார்ச் மட்டுமாவது தீனி போட முடியுமா என்று கேட்டேன். அந்த மனிதர் மரியாதையாகத்தான் பேசினார். முற்றத்தில் லாரி நிற்கும், சாரம் கட்டுவார்கள், நாள் முழுக்கச் சுத்தியல் சத்தம். நாங்கள் போட்டாலும் எந்தக் குருவி வரும் என்றார்.

இன்னொன்றும் இருக்கிறது. அப்பா ஒவ்வொரு அக்டோபரிலும் எனக்குப் போன் செய்வார், தெரியுமா? "ரைலா, ஆரம்பிச்சுட்டேன்" என்பார். அவ்வளவுதான். பிறகு வானிலை, பிறகு வைத்துவிடுவார். போன அக்டோபரிலும் செய்தார். நான் ஏதோ வேலையில் இருந்தேன், "சரிப்பா" என்றேன். வசந்தம் வரைக்கும் இருப்பேன் என்று அவர் வாக்குக் கொடுக்கிற விதம் அது என்று இப்போதுதான் எனக்குப் படுகிறது. குருவிகளுக்கா, எனக்கா என்று தெரியவில்லை.

அந்தச் சாலையில் நம் வீட்டை விட்டால் காலெர்வோவின் வீடு மட்டும்தான். தெரியும், அவரிடம் பூனை இருக்கிறது. எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

ரைலா

*

ஹிர்விலம்பி
பிப்ரவரி 10

ரைலாக்கா,

வலை வேலை செய்யுது. நேத்து குளிர் கொஞ்சம் கொறைஞ்சுது, வெச்சேன். குடிக்குதுங்க, ஒண்ணும் எறங்கல. அந்த அம்மாகிட்டச் சொல்லு.

காலெர்வோகிட்டப் போனேன். போகவே கூடாதுன்னுதான் இருந்தேன். அப்பாவும் அந்தாளும் ஒருத்தருக்கொருத்தர் தொப்பியத் தொட்டு வணக்கம் வெச்சு எத்தனை வருஷம் ஆச்சு! அடக்கத்துக்குக் கூட சர்ச் வாசல்லயே நின்னுட்டுப் போயிட்டாரு. ஆனா உன் லெட்டர்ல அந்த "ஆரம்பிச்சுட்டேன்" என்னமோ பண்ணுச்சு. கதவைத் தட்டினேன்.

"யாரு, வெய்க்கோ மகனா? பூனையப் பத்திப் பேச வந்திருந்தா அப்படியே திரும்பிப் போ."

"பூனையப் பத்தித்தான்."

"அப்ப உள்ள வந்து பேசு. கதவத் தொறந்து வெச்சா அடுப்புச் சூடு போகுது."

காபி ஊத்தினாரு. மிர்ரி, அந்தப் பூனை, அவரு மடியில. ஒரு காது குளிர்ல போயிடுச்சு, மூஞ்சி மட்டும் பிஷப் மாதிரி.

"உங்கப்பன் இவள ஊரு முன்னாடி கொலைகாரின்னு சொன்னான்."

"உண்மைதானே?"

"உண்மைதான். ஆனா ஒருத்தன் வீட்டுப் பொண்ண அப்படியாடா சொல்றது?"

விஷயத்தச் சொன்னேன். வீடு போகுது, கூரையப் பிரிக்கிறாங்க, பலகைய இங்க கொண்டாந்து வெச்சா நீங்க போடுவீங்களா, மிர்ரிய ஏப்ரல் வரைக்கும் உள்ளயே வெச்சுக்குவீங்களான்னு. பூனையோட ஒத்தக் காதத் தடவிட்டே இருந்தாரு.

"முடியாதுடா தம்பி."

"ஏன்?"

"ஆரம்பிச்சா பனி உருகுற வரைக்கும் எங்கேயும் போக முடியாது."

"எங்க போகப் போறீங்க?"

"எனக்கு எழுபத்தொம்பது. எங்க வேணாலும் போவேன்."

நான் சிரிச்சேன். அவரு சிரிக்கல. அப்புறந்தான் புரிஞ்சுது. காபியைக் குடிச்சு முடிச்சுட்டு எழுந்தேன்.

கதவுகிட்ட வந்தப்ப பின்னாலேருந்து சொன்னாரு: "நான் ஒத்துக்கல. ஆனா ரோடு என்னோடது இல்ல. அது மேல நீ எதத் தள்ளினாலும் நான் கேக்க முடியாது."

அதனால தள்றேன். பனியில காலால உதைச்சுத் தள்ளிட்டுப் போவாரே, அப்பாவோட அந்த உதைசறுக்கு வண்டிய எடுத்து, அதோட இருக்கையில தீனிப் பலகையை ஆணி அடிச்சுட்டேன், கூரையோட. முற்றத்துலேருந்து கேட்டுக்கு மொத நாளு. ஒரேயடியா அவரு வீட்டுல கொண்டு போய் வெச்சா இந்தக் குளிர்ல தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள பாதி செத்துடும். கண்ணுக்குத் தெரியற தூரத்துலயே வெச்சு, தெனம் கொஞ்சம் கொஞ்சமா.

மொத நாள் காலையில என்ன பண்ணுச்சுங்க தெரியுமா? பலகை நின்ன எடத்துக்கே வந்துச்சுங்க. ஒண்ணுமில்லாத அந்த எடத்துல, காத்துல நின்னு றெக்கைய அடிச்சுதுங்க, அப்புறம் கீழ பனியில வரிசையா எறங்கி ஒக்காந்துடுச்சுங்க. கேட்டுல நான் வாளியத் தட்றேன், விசிலடிக்கிறேன், கெட்ட வார்த்தையில திட்றேன். கறுப்புத் தொப்பிதான் மொதல்ல வந்தான். பின்னாலயே மத்ததுங்க.

இப்ப ரோட்டு வளைவுல நிக்குது. பனி தள்ற வண்டிக்காரர் நிறுத்தி எறங்கி, "என்னடா இது, குருவிக்குப் பஸ்ஸா?"ன்னு கேட்டாரு. இனிமே சுத்திப் போறதா சொல்லியிருக்காரு.

ஒண்ணு மட்டும். சமையலறை ஜன்னல இப்ப யாரும் கொத்தறதில்ல. காபிய முழுசாக் குடிக்கிறேன். நல்லாவே இல்ல.

இஸ்மோ

*

தம்பேரே
பிப்ரவரி 17

இஸ்மோ,

உன் கடிதத்தை மேல்மாடி அம்மாளிடம் படித்துக் காட்டினேன். அவர் பெயர் ஐலி. "வளைவுல காத்து அடிக்குமே, பலகைக்கு ஒரு பக்கம் மறைப்பு வெச்சானா?" என்று கேட்டார். நான் கேட்கவில்லை, அவர்தான் கேட்டார்.

28-ஆம் தேதி நான் வருகிறேன். மதியப் பேருந்து. வாங்குகிறவர்கள் மாலையில் வருவார்கள்.

வீட்டைக் காலி செய்ய அதிகம் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் கதவைத் திறந்து அந்தச் சமையலறைக்குள் தனியாகப் போக என்னால் முடியும் என்று தோன்றவில்லை. அடக்கத்தன்று வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். காபி போட்டுக்கொண்டே இருந்தேன், எதையும் பார்க்கவில்லை.

உன் பை கதவருகில்தான் இருக்கிறது என்று தெரியும். அதற்குள் கிளம்புகிறாய் என்றால் கிளம்பு, நான் திட்ட மாட்டேன். ஆனால் சொல்லிவிட்டுப் போ. நான் பேருந்திலிருந்து இறங்கி, நீ இருப்பாய் என்று நம்பி நடந்துவந்து, புகைபோக்கியில் புகை இல்லாததைப் பார்க்க வேண்டாம்.

வகுப்பு இடத்தை அடுத்த வாரம் வரை பிடித்து வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

ரைலா

*

ஹிர்விலம்பி
பிப்ரவரி 24

ரைலாக்கா,

மறைப்பு வெச்சேன். அப்பாவோட பழைய மழைக்கோட்டு. ஐலியம்மாகிட்டச் சொல்லு.

வெள்ளிக்கிழமை பலகை காலெர்வோ வேலி வரைக்கும் வந்துடுச்சு. சனிக்கிழமை மிர்ரி வெளிய வந்துட்டா. பூனை ஓட்டைய விறகு வெச்சு அடைச்சு உள்ளயே வெச்சிருந்த கிழவர்தான் விட்டிருக்காரு. நாளெல்லாம் கதவச் சொரண்டிக் கத்தியிருக்கா, தாங்க முடியல. நான் வீட்டுல விறகு பிளந்துட்டிருந்தேன். பாத்தா ரோட்டுல காலெர்வோ வர்றாரு, தடி கூட இல்லாம, வழுக்கி வழுக்கி. நம்ம வாசப்படியில கால் வெச்சு எத்தனை வருஷமோ. உள்ள வந்து தொப்பியக் கழட்டி அதுக்குள்ளேருந்து எடுத்து மேசை மேல வெச்சாரு. குருவி, மஞ்சத் தலைக்காரி ஒண்ணு. கழுத்து தொங்கிடுச்சு. எனக்குக் கத்தணும்னு இருந்துச்சு. கையுறை கூடப் போடாம வந்திருந்தாரு, அதப் பாத்துட்டுக் கத்தல.

அப்பா நாற்காலியப் பாத்துக்கிட்டு நின்னாரு.

"அவன் சொன்னது சரிதான். அன்னிக்கு நான்தான் ஒத்துக்கல."

"உக்காருங்க. காபி போடறேன்."

"வேணாம். ஆணி இருக்கா? பெருசா."

ஆணியும் சுத்தியும் குடுத்தேன். பூனை போற வர்ற ஓட்டைய, அவரு வீட்டுக் கதவுக்குக் கீழ இருக்குமே, அதப் பலகை வெச்சு அடிச்சு மூடிட்டாரு. மிர்ரி இப்ப ஜன்னல்ல உக்காந்து நாளெல்லாம் பாக்கறா. கீழ்த்தாடை தானா ஆடுது. "சினிமா பாக்கட்டும்"ங்கறாரு கிழவர்.

ஞாயித்துக்கிழமை அசந்து தூங்கிட்டேன். எழுந்தப்ப நல்லா வெளிச்சம் வந்துடுச்சு. பூட்ஸக் கட்டாம ஓடினேன். போய்ப் பாத்தா பலகை நெறைய விதை. உப்புப் போடாத கொழுப்பு ஒரு துண்டு, நூல்ல கட்டித் தொங்குது. எல்லாம் வந்து தின்னுட்டிருக்குதுங்க. கிழவர் சவுனாச் சுவத்துல சாஞ்சு நிக்கிறாரு, கையில அவரோட சொந்த வாளி.

என்னப் பாத்து, "ஆரம்பிச்சுட்டேன்"னாரு.

அக்கா, எனக்கு அங்கயே நிக்க முடியல. வேலிகிட்டப் போயி மூக்கச் சிந்தற மாதிரி திரும்பி நின்னேன்.

அப்புறம் அவரே சொன்னாரு: "நடுவுல நான் போயிட்டா யாருடா போடுவா? உள் அறையில கட்டில் ஒண்ணு சும்மாதான் கெடக்கு. குறட்டை விட்டா மட்டும் சவுனாவுக்குத் துரத்திடுவேன்."

நேத்து ராத்திரியிலேருந்து என் பை அந்தக் கட்டிலுக்குக் கீழ இருக்கு. பனி உருகுற வரைக்கும் இங்கதான். அதுக்கப்புறம் தெரியல. மே மாசம் வகுப்பு ஏதாவது ஆரம்பிக்குதான்னு கேட்டு வை. இல்லன்னா ஸ்வீடன். பொய் சொல்ல மாட்டேன் உங்கிட்ட. மார்ச்சுக்கு மட்டும் வர முடியாது. அந்த எடத்த வேற யாருக்காவது குடுத்துடு.

சனிக்கிழமை பஸ் ஸ்டாப்ல நிப்பேன். அதுக்கு முன்னாடி வீட்டுக்குப் போயி அடுப்பு மூட்டிட்டு வருவேன், புகை இருக்கும். பலகையக் கழட்டிக் காலெர்வோவோட கம்பத்துலயே அடிச்சுட்டோம், அதனால உதைசறுக்கு காலி. நீ உக்காரு, நான் தள்றேன். சின்ன வயசுல மாதிரி கத்தாத, குருவிங்க பயந்துடும். சமையலறைக்குள்ள ரெண்டு பேரும் சேந்தே போகலாம். போஸ்ட் மாஸ்டரை விறகுக் கொட்டாயில ஒரு பெட்டியில வெச்சிருக்கேன். மண்ணு இளகினதும் ஆப்பிள் மரத்துக்குக் கீழன்னு நெனச்சேன், ஆனா மரம் அதுக்குள்ள நம்மளோடது இல்ல. எங்கன்னு நீ வந்து சொல்லு.

ஐலியம்மாவ நான்

இரு, ஏதோ சத்தம். ஜன்னல்ல. கிழவர் உள்ளேருந்து கத்தறாரு: "யாருடா அது, விடியறதுக்குள்ள எவன் தட்றான்?" மிர்ரி மேசை மேல ஏறிட்டா, வாலு ரெண்டு மடங்கு பருத்து நிக்குது.

கறுப்புத் தொப்பி. இந்த ஜன்னலையும் கண்டுபிடிச்சுட்டான்.

முதலாளி கூப்பிடறாரு. நான் போகணும்.